நான்கு உட்காரல் மலை

எங்கள் ஊரில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. நான் ஓடியதற்காக இல்லை, இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட வைத்ததற்காகவும் இல்லை. உட்கார்ந்ததற்காகத்தான். மருந்துக்கடைக்குப் போனால் கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். பஸ்ஸில் என்னைவிட மூத்த அம்மா ஒருவர் எழுந்து நின்று, "நீங்க உட்காருங்கம்மா, உங்களைப் பத்திப் படிச்சிருக்கேன்" என்கிறார். நான் விளையாட்டு டீச்சர். என் கழுத்தில் விசில் தொங்குகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் புகழைத் தேடித் தந்தவர் என் வீட்டுக்காரர். ஊர்ப் பத்திரிகையில் வாரம் முழுக்க வாடகை வீட்டு விளம்பரங்களையும் மரண அறிவிப்புகளையும் பிழை திருத்துவார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 'படி தாண்டி' என்று ஒரு பத்தி எழுதுவார். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் அதிசயங்கள்தான் அவருக்கு வேண்டும். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் பாறை, நடுப்பகலில் குளிர்காற்று ஊதும் குகை, ஒரு மூலை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும் குளம். அதிசயம் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டினால் போதும் என்பது அவர் கட்சி. நன்றாகத்தான் எழுதுவார், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் குகையைப் பற்றிப் படித்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்த எனக்கே இன்னொரு தடவை போக வேண்டும் என்று தோன்றியது.

வினை அளவு சொல்வதில் வந்தது. 'லேசான ஏற்றம்' என்று அவர் எழுதியதை நம்பி ஒரு வாசகர் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாதி வழியில் பேச்சை நிறுத்திய மாமியார் வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லையாம். நியாயமாக அந்த வாசகர் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் பத்திரிகை ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டார். எடிட்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தூரத்தைப் போட்டா யாருக்கும் ஒண்ணும் புரியல சார். எவ்வளவு கஷ்டம்னு சொல்ல ஒரு அளவு வேணும்" என்றார். இவர் இரண்டு நாள் மோவாயைச் சொறிந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தியின் கடைசி வரி இப்படி வந்தது: 'இந்தக் குன்றில் ஏறும்போது என் மனைவி இரண்டு முறை உட்கார்ந்தார்.'

ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு உட்காரல் என்றால் மாமியாரைக் கூட்டிப் போகலாம். இரண்டு என்றால் மாமனார் தாங்குவார். மூன்று என்றால் கல்யாணமான புதிதில் மட்டும். நான்கு என்றால் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். டீக்கடையிலும் பஸ்ஸிலும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நான் உட்கார்ந்தது உண்மை. ஆனால் மூச்சு வாங்கியது எனக்கு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு வழக்கம் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பசித்தால், "உனக்குப் பசிக்குதா?" என்று என்னைக் கேட்பார். கண் சொருகினால், "உனக்குத் தூக்கம் வருதா?" என்பார். விருந்துக்குப் போன இடத்தில் கிளம்ப நினைத்தால், "உனக்கு போரடிக்குதா?" அவர் உடம்பில் நடப்பதெல்லாம் அவருக்கு என் விலாசம் போட்டுத்தான் வந்து சேரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் "இல்லை, பசிக்கல" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "சரி" என்று அவர் பேப்பரை விரித்தார். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது, பேனாவுக்கு ஏன் மூடி இல்லை என்று உலகத்தின் மேலேயே கோபப்பட ஆரம்பித்தார். பசி என்று அவருக்கே தெரியவில்லை, பாவம். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் "ஆமா"தான். சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும்.

மலையிலும் அதே கதைதான். ஏற்றத்தில் அவர் முகம் சிவக்கும், பேச்சு குறையும். அப்புறம் திரும்பி, "உனக்கு மூச்சு வாங்குதா?" என்பார். நான் "ஆமா" என்று பக்கத்தில் இருக்கும் கல்லில் உட்கார்ந்துவிடுவேன். அவர் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, இயற்கையை ரசிக்கிற பாவனையில் மூச்சை மீட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து, என் மனைவி இரண்டு முறை உட்கார்ந்தார் என்று எழுதுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மைதானத்தில் ஓடச் சொன்னதும் பிள்ளைகள், "டீச்சர், ரெண்டு உட்காரல் எடுத்துட்டு ஓடட்டுமா?" என்று கேட்டபோதுகூட விசிலைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் இந்த வருடம் பெண் பிள்ளைகளை மலை ஓட்டப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப் போக ஆள் தேர்ந்தெடுத்தார்கள். நான் தயார் செய்த பிள்ளைகள். தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, "ஏற்றம் ஜாஸ்தி டீச்சர். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று அன்பாகச் சொன்னார். வேறு ஒருவரை அனுப்பினார்கள். அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூட்டு வலிக்கும். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உட்கார்ந்தது நான். மூச்சு வாங்கினது உங்களுக்கு."

"எனக்கா?" இவர் சிரித்தார். "நான் நின்னுட்டுத்தானே இருந்தேன்? நீதானே உட்கார்ந்தே?"

சாட்சி எல்லாம் அவர் பக்கம்.

அதற்கு அடுத்த வாரம்தான் குண்டு விழுந்தது. பத்திகளைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு பெண் கல்லில் உட்கார்ந்திருக்கும் சின்னப் படம். மூன்று உட்காரல் என்றால் மூன்று பெண்கள். எடிட்டருடைய யோசனை.

"புத்தகத்துல நான் வேண்டாம்" என்றேன்.

"உன் பேர் எங்கயும் இல்லையே. என் மனைவின்னுதானே போட்டிருக்கு."

"உங்களுக்கு எத்தனை மனைவி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உண்மையான பரிவோடு, "உன்னாலதான் எத்தனை குடும்பம் பயமில்லாம வெளிய போகுது தெரியுமா?" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதரோடு சண்டை போடுவது மாதிரி அலுப்பு உலகத்தில் இல்லை.

செய்தித்தாள் என்றால் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும். புத்தகம் அலமாரியில் நிற்கும். என் பேரப் பிள்ளைகள் வரைக்கும் எடுத்துப் பார்ப்பார்கள். இதை நான் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியான கணக்கு டீச்சரிடம் புலம்பினேன்.

"வாயால சொல்லி எதுக்கு? செஞ்சு காட்டு" என்றாள் அவள். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி வாசகர்களைக் கூட்டிட்டு ஒரு மலை ஏறப் போறாங்களாமே. நீ ஒரு தடவைகூட உட்காராத. எல்லார் முன்னாடியும் அளவு தப்புன்னு ஆயிடும். அப்புறம் அந்தப் பொம்பளை படத்தை எப்படிப் போடுவாங்க?"

அப்படித்தான் முடிவு செய்தேன்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது காற்று அருவி மலை. அவர் கணக்கில் நான்கு உட்காரல். மலை உச்சியில் ஒரு செங்குத்தான விளிம்பு, அங்கிருந்து ஓடை கீழே குதிக்கிறது. எதிர்க்காற்று பலமாக அடிக்கும் காலையில் தண்ணீர் கீழே போவதில்லை. விளிம்பைத் தாண்டியதும் காற்று அதை அள்ளி மேலேயே திருப்பி வீசுகிறது. அருவி ஆகாயத்தைப் பார்த்துப் போகிறது. நாங்கள் முன்பு போனபோது மலை முழுக்க மேகம். முகத்தில் தண்ணீர் அடித்தது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 'நனைந்தோம், பார்க்கவில்லை' என்று அவர் நேர்மையாக எழுதினார். அதற்குப் பிறகு எந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும், "இருந்தாலும் அந்த அருவியைப் பாக்காம விட்டுட்டோம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகமே இல்லை. காற்று நன்றாக அடித்தது. அடிவாரத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். எடிட்டர் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் கடைக்கு லீவு விட்டுவிட்டு, பை நிறைய வலி நிவாரணித் தைலத்தோடு வந்திருந்தார். சாட்சிக்குக் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பாதையைப் பற்றி அழகாகப் பேசினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார்கள்.

முதல் வளைவில் ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் யாரோ பெயிண்டால் 'டீச்சர் கல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் ஏமாற்றத்தோடு பல பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது வளைவுக்குப் போகும் ஏற்றம் கொஞ்சம் கொடுமையானது. நான் என் வேகத்தில் ஏறினேன். எத்தனை வருடம் கழித்து என் வேகத்தில் ஏறுகிறேன் என்று நினைத்தபோது மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எடிட்டரின் தொப்பி கைக்கு வந்து விசிறியாகியிருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் கடைசியாக வந்து, குனிந்து ஷூ கயிறு கட்டினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து அதே கயிற்றைக் கட்டினார்.

ஒருவரும் உட்காரவில்லை. உட்கார நல்ல நிழல், வரிசையாகக் கல். முப்பது பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இவர்கள் எல்லோரும் நான் உட்காருவேன் என்ற தைரியத்தில்தான் மலை ஏற வந்திருக்கிறார்கள். டீச்சர் உட்கார்ந்தால் நாமும் ஐயோ பாவம் என்று துணைக்கு உட்காரலாம். டீச்சரே நிற்கும்போது யார் முதலில் உட்காருவது? அந்த உட்காரல் யார் பேரில் எழுதப்படும்?

"டீச்சர், வெயில் ஏறுது" என்றார் மருந்துக்கடைக்காரர் கெஞ்சலாக. "உடம்பைப் பாத்துக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன். கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் உள்ளே பொங்கியது. இந்தச் சுகத்தை அனுபவிக்கக் கூடாதா? நான் அனுபவித்தேன்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, எப்போதும் கேட்கிற அதே அக்கறையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"உனக்கு மூச்சு வாங்குதா?"

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள். இங்கே இரண்டும் என் வீட்டிலேயே இருந்தன. ஆமா என்றால் என் மானம் போகும், இல்லை என்றால் அவர் மானம் போகும். தலைமையாசிரியை காட்டிய நாற்காலி ஞாபகம் வந்தது.

"இல்லை" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். பெரிய பாவம் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர் என் முகத்தைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், சீராக ஏறி இறங்கும் என் விசிலைப் பார்த்தார். பிறகு தன் கையைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"அப்ப எனக்குத்தான் வாங்குது" என்றார்.

வெட்கமோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. குளிர்காற்று ஊதும் குகையை முதன்முதலில் பார்த்தபோது, "இங்க பாரேன்" என்றாரே, அதே குரல். எடிட்டர் பக்கம் திரும்பி, "சார், எனக்குத்தான் வாங்குது. எல்லா மலையிலயும் எனக்குத்தான் வாங்கியிருக்கு. அத்தனை உட்காரலும் என்னோடது" என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், முப்பது பேரும் பொலபொலவென்று உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மரத்தை விடாமலே சறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மலையிலேயே நின்றுகொண்டிருந்தது நானும் கணக்கு டீச்சரும்தான்.

"அப்ப படத்தை மாத்தணுமே" என்றார் எடிட்டர், மூச்சுக்கு நடுவில். "பொம்பளைக்குப் பதிலா ஆம்பளை."

"மாத்துங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கொஞ்சம் தொப்பையோட போடுங்க."

நான் ஜெயித்துவிட்டேன். இதற்காகத்தான் வந்தேன். ஆனாலும் சந்தோஷம் நான் நினைத்த அளவுக்கு வரவில்லை.

எல்லோரும் எழுந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. "காத்து அடங்கறதுக்குள்ள போய்ப் பாருங்க. நான் பின்னாலயே மெதுவா வரேன்" என்றார். என்னைத் தனியாகப் பார்த்து, "நீதான் கூட்டிட்டுப் போகணும். உனக்குத்தான் பாதை தெரியும்" என்றார். கூட்டிப் போனேன். மேலே சரிவு கடினம். ஆனால் இப்போது யாருக்கும் கூச்சம் இல்லை. வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, "இது என்னோடது" என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அருவி மேலேதான் போய்க்கொண்டிருந்தது. பார்க்காமல் நான் நம்பியிருக்க மாட்டேன். ஓடை விளிம்புக்கு வந்து, குதிக்கப் போய், மனதை மாற்றிக்கொண்டது மாதிரி எழும்பித் திரும்பி எங்கள் தலைக்கு மேலே சிதறியது. வெயில் பட்டதும் அதில் வானவில்லின் துண்டுகள் தோன்றித் தோன்றி மறைந்தன. எடிட்டர் தொப்பி பறந்து போனதைக் கவனிக்காமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார். நான் பக்கத்தில் திரும்பி, "பாத்தீங்களா" என்றேன்.

பக்கத்தில் கணக்கு டீச்சர் நின்றாள். "பாத்தேன்" என்றாள்.

இந்த அருவியை வருடக்கணக்காக நினைத்து ஏங்கியவர் கீழே இரண்டாவது வளைவில் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வேண்டும் என்று பெரிதாக ஆசைப்படாத நான் இங்கே நனைந்துகொண்டு நிற்கிறேன். பின்னாலேயே வரேன் என்றவர் வரவில்லை. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். "இவங்களைப் பாத்துக்கோ" என்று சிநேகிதியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட ஓடினேன் என்பதுதான் சரி.

அவர் அதே கல்லில்தான் இருந்தார். ஒரு புல்லைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார். "சொல்லு, எழுதிக்கறேன்."

"நான் சொல்ல மாட்டேன். வந்து பாருங்க."

"உன்னால மறுபடியும் ஏற முடி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பழக்கம் வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "என்னால ஏற முடியுமான்னு தெரியல" என்றார்.

"மெதுவா போலாம்."

கையைக் கொடுத்தேன். எழுந்தார். இருவரும் நடந்தோம். அவர் நடைக்கு நடந்தால் எனக்குக் கால் பின்னும், அவ்வளவு மெதுவு. எப்போதும் அதை ஒரு தண்டனையாக நினைத்து நடந்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி இல்லை. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. மேலேயிருந்து யாரோ கூவுகிற சத்தமும் கேட்டது.

கடைசிச் சரிவுக்கு முன்னால் அவர் நின்றார். "எனக்கு மூச்சு வாங்குது" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சரியான ஆளுக்குச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுத் தானே ஒரு பாறையைத் தேடி உட்கார்ந்தார்.

நான் நிற்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரே மலையை ஒரே காலையில் ஏறி, ஓடி இறங்கி, திரும்ப ஏறினால் விளையாட்டு டீச்சருக்கும் முழங்கால் உண்டு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விசில் அதன் மேல் குதித்தது. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சு வரச் சிறிது நேரம் ஆயிற்று.

"இந்த ஒண்ணை மட்டும்" என்றேன், "என் பேர்ல எழுதிக்கோங்க."